வீணாக்க ஒரு மத்தியானம்

ஆட்டோ தெருமுனை திரும்பும் சத்தம் அடங்குவதற்குள் சண்முகவடிவு செருப்பை உதறிவிட்டு, முகம் கழுவாமல், ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போன சேலையைக்கூட மாற்றாமல், உள்ளறைக்குள் போய்ப் புத்தக அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிற்க முடியாமல் இல்லை. நின்றால் ஏதாவது செய்யவேண்டியிருக்கும், அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கும், புனேயில் இருக்கும் மகளுக்குப் போன் போடவேண்டியிருக்கும், சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி நாலு சொட்டுக் கண்ணீர் விடவேண்டியிருக்கும். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்னாலேயே வந்த அவள் வீட்டுக்காரர் கோமதிநாயகம் கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "காப்பி போடட்டா?" என்றார். "வேண்டாங்க." "மோராவது குடிக்கியா?" "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க போய் உட்காருங்க." அவரால் உட்கார முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளாக எந்நேரமும் உட்கார்ந்தே இருந்த மனுஷர், ஆஸ்பத்திரி வராந்தாவில், பரிசோதனைக் கூடத்து வாசலில், வீட்டில் அவள் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில். இப்போது கால்கள் தானாகவே நடக்கப் பார்த்தன. "அப்பம் நான் ஜங்ஷன் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வாறேன்" என்றார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வீடு அவளுடையதாயிற்று. மின்விசிறி சுற்றியது, சேலையில் இன்னும் ஸ்பிரிட் வாசம் அடித்தது, தையல் பிரித்த இடம் அக்குளுக்குக் கீழே சுருக் சுருக்கென்றது, அந்தச் சுருக்குக்கூட இன்றைக்கு வேறு மாதிரி இருந்தது, நேற்றுவரை அது ஒரு எச்சரிக்கை, இன்றைக்கு வெறும் சுருக்கு. ஒண்ணும் இல்லம்மா, வெறும் கொழுப்புக் கட்டிதான், நீங்க நிம்மதியாப் போகலாம் என்றார் டாக்டர். ஒன்றுமில்லை. எத்தனை ஆயிரம் தடவை இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள், ஏன் முகம் வாடிக் கெடக்கு, ஒண்ணுமில்லை, பையில என்ன இருக்கு, ஒண்ணுமில்லை. ஐம்பத்தெட்டு வயதுவரை அது அலுத்துக்கொள்கிற வார்த்தையாகத்தான் இருந்தது. இன்றைக்கு அதைக் குடம் நிறையத் தண்ணீர் மாதிரி அலுங்காமல் இடுப்பில் வைத்து வீடுவரை கொண்டுவந்திருக்கிறாள். ஒரு சொட்டு சிந்திவிடக் கூடாது. அதனால்தான் தரையில் உட்கார்ந்தாள். அதனால்தான் அலமாரியைப் பார்த்தாள், ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த சந்தோஷம் அது ஒன்றுதான்: ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்கு முந்தின அந்தக் கொஞ்ச நேரம்.

கீழ்த்தட்டில் வாசிக்காத புத்தகங்கள் இருந்தன. மேல்தட்டுகளில் இருப்பவை அவள் வாழ்ந்து முடித்தவை, கீழே இருப்பவை வாழப்போகிறவை, அப்படித்தான் வெகுகாலமாக ஒரு கணக்கு. தொலைபேசி நிலையத்தில் ஊர் ஊராக இணைப்புப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நாளிலேயே, ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில், காதில் மாட்டின கருவியோடு, மடியில் நாவலைக் கவிழ்த்து வைத்திருப்பாள். அன்றைக்கெல்லாம் அடுத்து எது என்று யோசித்ததே இல்லை, கை போனது எதுவோ அது. இப்போது கை போகவில்லை. கை அக்குளுக்குக் கீழே போனது, தடவிப் பார்த்தது, அங்கே பஞ்சும் பிளாஸ்திரியும்தான் இருந்தன, சீ, இனிமேல் அங்கே தடவ வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்தாள், குழந்தை மண்ணைத் தின்னப் போகும்போது கையைத் தட்டுகிற மாதிரி. இந்தக் கை எத்தனை நாள் இதே வேலையாகத் திரிந்தது. தோசை திருப்பிக்கொண்டிருக்கும், போய்த் தடவும். தலை பின்னிக்கொண்டிருக்கும், போய்த் தடவும். குளிக்கும்போது சோப்பு நுரைக்குள் அந்தக் கட்டி முதல்முதலாக விரலில் தட்டுப்பட்டதும் அவள் முதலில் நினைத்தது, ஐயோ என்றல்ல, அம்மா என்றல்ல. அந்தத் தடிப் புத்தகம், என்று நினைத்தாள். அதை நினைத்து இப்போது வெட்கமாக இருந்தது. பெற்ற மகள் ஞாபகம் வரவில்லை, தாலி கட்டினவர் ஞாபகம் வரவில்லை, ஒரு நாவல் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் அப்படித்தான் வந்தது, பொய் சொல்வானேன்.

தட்டின் ஓரத்தில் அது செங்கல் மாதிரி நின்றது. டெல்டாக்காரக் குடும்பம் ஒன்றின் நாலு தலைமுறைக் கதை, ஆற்றில் வெள்ளம் வருவதில் தொடங்கி ஆறு வற்றுவதில் முடியுமாம், புத்தகக் கண்காட்சியில் வாங்கும்போதே கை இறங்கிப்போன கனம். வாங்கினவள் உடனே வாசித்திருக்கலாம். இதை அவசரத்தில் வாசிக்கக் கூடாது, ரிட்டயர் ஆனபிறகு சாவகாசமாக, என்று வைத்தாள். விருப்ப ஓய்வில் சீக்கிரமே ரிட்டயர் ஆனாள், மகள் மதியின் கல்யாணம் வந்தது, அது முடியட்டும் என்று வைத்தாள். கல்யாணம் முடிந்தது, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. வெள்ளையடித்து முடித்து அலமாரியைத் துடைத்து அதைத் திரும்ப அடுக்கும்போது நல்ல மழைக்காலமாகப் பார்த்து எடுக்கவேண்டும் என்று நினைத்தாள். திருநெல்வேலியில் மழைக்காலத்துக்குக் காத்திருப்பவளை என்னவென்று சொல்வது. பலகாரத்தை ஒளித்து வைத்துக் கெட்டுப்போகவிட்டுத் தின்கிறவர்கள் உண்டே, அந்த ஜாதி. கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து அந்தத் தடிப் புத்தகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுக்கலாம், எடுத்து வெள்ளம் வருவதிலிருந்து தொடங்கலாம், ஆனால் ஆறு வற்றுவதற்குள் தான் வற்றிவிட்டால்? இரண்டாம் தலைமுறையில் ஒருத்தி மாப்பிள்ளை பார்க்கக் காத்திருக்கும்போது, அவளை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டுத் தான் எங்கேயோ போய்விட்டால்? பாதியில் நின்றுபோகிற பயம். சாவு பயம்கூட அப்படியொன்றும் பெரிதாகத் தெரியவில்லை, அது எல்லாருக்கும் உள்ளது, பாதியில் நிற்கிற பயம்தான் நெஞ்சுக்குழியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் இத்தனை நாளும் அவள் புதிதாக எதையும் தொடங்கவில்லை. மேல்தட்டிலிருந்து, முடிவு தெரிந்த கதைகளாக எடுத்தாள். யார் யாரைக் கட்டுவார்கள், யார் ஊரைவிட்டுப் போவார்கள் எல்லாம் மனப்பாடம். எந்தப் பக்கத்தில் நின்றுபோனாலும் பாதகமில்லை. ஆனால் அதிலும் ஒரு விபரீதம் இருந்தது, முன்னே வாசித்தபோது கண்ணில் படாத சாவுகள் எல்லாம் வரிசையாக எழுந்து வந்தன. ஒரு நாவலில் நாலாவது அத்தியாயத்தில் ஒரு சின்னம்மை காய்ச்சலில் போய்விடுகிறாள், ஒரே வரி, அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மூன்று தடவை வாசித்த நாவல், அந்தச் சின்னம்மையை இந்தத் தடவைதான் பார்த்தாள். புத்தகத்தை மூடிவிட்டு, அவளுக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

பாதியில் நிற்கிற பயம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் இதே இடத்தில்தான். அன்றைக்கு அதற்கு ஊரில் யாரும் பெயர்கூடச் சொல்லவில்லை, கட்டி என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அம்மா வாரப் பத்திரிகையில் வருகிற ஒரு தொடர்கதைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பாள். பேப்பர்காரன் மணி அடித்ததும் வடிவு ஓடிப்போய் வாங்கிவர வேண்டும், வரும் வழியில் பிரித்துப் பார்க்கக் கூடாது. படுக்கையில் விழுந்த பிறகு அம்மாவுக்கு எழுத்து கலங்கியது, வடிவுதான் வாசித்துக் காட்டினாள். கதையில் ஒரு பெண், கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்பதுவரை வந்திருந்தது. பிழைப்பாளா மாட்டாளா என்று கேட்டாள் அம்மா. அடுத்த வாரம் தெரியும்மா என்றாள் வடிவு. அடுத்த வாரம் பத்திரிகை வந்தபோது வீட்டில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிறுத்தச் சொல்லாததால் பத்திரிகை பிறகும் வாராவாரம் வந்தது, பிறகும் வாராவாரம் அவள் தொழுவத்துப் பக்கம் போய் உட்கார்ந்து வாசித்தாள், அம்மாவுக்கும் சேர்த்து. கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் கண்ணை விழிக்கிறாள், விஷம், கல்யாணம், எல்லாமே கனவு என்று கதையை முடித்துவிட்டான் எழுதினவன். அட பாவி, என்று இருந்தது. நல்லவேளை, அம்மா இதை வாசிக்கவில்லை, என்றும் இருந்தது. அந்த நல்லவேளை எங்கிருந்து வந்தது, எப்படி அம்மா செத்த துக்கத்துக்குள்ளே ஒரு நல்லவேளை முளைக்கும் என்று அன்றைக்குத் திடுக்கிட்டுப் போனாள், யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருந்தது. அம்மா, உனக்கு வந்தது எனக்கு வரவில்லை. சொல்லிப் பார்த்தாள். வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகு, அது பெருமை அடித்துக்கொண்டது போல ஆகிவிட்டதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. ரெஜினா. தொலைபேசி நிலையத்தில் அடுத்த நாற்காலிக்காரி, பாளையங்கோட்டை மேட்டுத்திடலுக்கு அந்தப்பக்கம் வீடு, ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் மாறி மாறி வாசித்து அடித்துக்கொள்வதற்கென்றே பிறந்தவள்.

"ஏட்டி, என்னாச்சு? நான் இங்கன ஜெபம் பண்ணிக்கிட்டே கெடக்கேன், நீ ஒரு வார்த்தை சொல்லமாட்டியா?"

"ஒண்ணுமில்லையாம், ரெஜினா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஸ்தோத்திரம். ஆண்டவரே ஸ்தோத்திரம். நல்லாக் கேட்டியா? எழுதிக் கொடுத்தாவளா?"

"எழுதியும் கொடுத்தாச்சு, வாயாலயும் சொல்லியாச்சு."

"இப்பம் என்ன செய்யுத?"

"புத்தக அலமாரி முன்னால உட்கார்ந்திருக்கேன்."

"அதானே பார்த்தேன்!" ரெஜினாவின் குரல் உடனே பழையபடி ஆகிவிட்டது. "எதை எடுக்கப்போற? இந்தா பாரு, நான் கொடுத்தேம்லா, அந்தச் சின்னப் புத்தகம், படகுத்துறையில ஒரு கெழவர் உட்கார்ந்திருப்பாரே, அதை எடு. அதை வாசிக்காமச் செத்தா கட்டை வேகாதுட்டி."

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. வடிவு சிரித்துவிட்டாள். ரெஜினாவும் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள், நாளைக்கு வாறேன், மீன்குழம்பு கொண்டுவாறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். வங்காளத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பு, கைக்குள் அடங்குகிற அளவு, அட்டையில் ஆறும் மூட்டமும். படகு வருமா வராதா என்று ஒரு கிழவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான் கதை, ஆனால் வாசித்தவர்கள் எல்லாம் குரலை மாற்றிக்கொண்டுதான் அதைப் பற்றிப் பேசினார்கள், கோயில் கர்ப்பகிரகத்துக்குள் பேசுகிற மாதிரி. நல்ல புத்தகமாகத்தான் இருக்கும். அதுதான் சங்கடம். இந்தக் காத்திருந்த நாட்களில் நல்ல புத்தகம் என்ற சொல்லே அவளை விரட்டியது. யாரோ போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள், சாவதற்குள் வாசித்துவிட வேண்டிய நாவல்கள் என்று நீளமாக, அனுப்பினவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அதில் பாதிக்கு மேல் அவள் வாசிக்காதவை. இவ்வளவு வாசித்தவள் என்று தெருவே சொல்கிறது, பாதிக்கு மேல் வாசிக்கவில்லை. கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்றால் மிக மிக நல்லதை மட்டும்தான் வாசிக்கவேண்டும், ஒரு பக்கம்கூடச் சோடை போகக் கூடாது, அப்படியென்றால் எது மிக மிக நல்லது, இதுவா அதுவா, இதை எடுத்தால் அது போய்விடும், அதை எடுத்தால் இது. ரயில் நிலையத்தில் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைத் தேடுகிறவள் மாதிரி நின்றாள், கடைசியில் எதையுமே எடுக்கவில்லை. நல்லதைத் தவிர வேறு எதற்கும் நேரமில்லை என்று ஆனவுடன் நல்லதுக்கும் நேரமில்லாமல் போயிற்று. கிழவர் படகுத்துறையில் காத்திருந்தால் காத்திருக்கட்டும். இன்றைக்கு யாரும் காத்திருப்பதைப் பற்றி அவளால் வாசிக்க முடியாது. காத்திருப்பது என்றால் என்னவென்று அவருக்கே அவள் சொல்லிக்கொடுப்பாள்.

வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வாளியில் விழுகிற சத்தம் முதலில் தகரத்தில் அடிக்கிற மாதிரி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, தாழ்ந்து, இப்போது நிறையப் போகிறது என்று காது சொன்னது. எழுந்திரு என்றது உடம்பு. இருக்கட்டும் என்றாள். வாளி நிறைந்தது, வழிந்தது, முற்றத்துச் சிமெண்டில் தண்ணீர் பரவுகிற சத்தம் வந்தது. வழியட்டும், ஒரு நாள்தானே. அந்தப் பெரிய டாக்டர், முதல் நாள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினாரே, அப்போது அவர் முகத்தை அவள் வாசித்துவிட்டாள். அவளுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. எந்த நாவலையும் மூன்றாவது அத்தியாயத்தில் முடித்துச் சொல்லிவிடுவாள், இவன் இவளைக் கைவிடுவான், இந்தக் கிழவி சொத்தை மாற்றி எழுதுவாள் என்று. மனித முகத்தில் எழுதியிருப்பது புரியாதா? டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சன்னலைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை, எடுத்துப் பார்த்துரலாம்மா என்றார். அந்த 'ம்மா'வில் இருந்த மிருதுவைக் கேட்டாயா, அது கெட்ட செய்திக்குப் போடுகிற மெத்தை. அவளுக்கு அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து யாருக்கு எந்தச் சேலை, மதிக்கு எந்த நகை என்று மனசுக்குள் பிரித்துக்கூட வைத்துவிட்டாள், புத்தகம் எல்லாம் ரெஜினாவுக்கு, அதில் மட்டும் சந்தேகமே வரவில்லை. இன்றைக்குக் காலையில் அதே டாக்டர், அதே மாதிரி சன்னலைப் பார்த்துக்கொண்டேதான் ஒன்றுமில்லை என்றார். சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். ஒரு வேப்பமரமும் அவருடைய காரும் நின்றன. வேப்பம்பழம் காரின்மேல் விழுந்து கறையாகிக்கொண்டிருந்தது. அவ்வளவுதானா? அன்றைக்கும் அதைத்தான் பார்த்தீரா, ஐயா? அதற்கா நான் நகையைப் பிரித்தேன்? தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது, இனிப் பொறுக்காது என்று எழுந்து போய்க் குழாயை மூடினாள். ஆற்றுத் தண்ணீரை வீணடிக்க மனசு வரவில்லை. ஈரச் சிமெண்டில் பாதம் வைத்தபோது அந்தக் குளிர்ச்சி முழங்கால்வரை ஏறியது, அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், கொடியில் காயும் துண்டைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மிக்சி ஏதோ சட்னியை அரைத்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டு, எதையும் நினைக்காமல்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அலமாரி முன்னைக்கு இப்போது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. ஒரு வரலாற்று நாவலை எடுத்து முகர்ந்து பார்த்து வைத்தாள். சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் பிரித்தாள், முதல் வரியிலேயே மழை பெய்தது, மூடினாள். எதை எடுத்தாலும் அது ஒரு பெரிய தீர்மானம் போல இருந்தது, பிழைத்து வந்தவள் எடுக்கிற முதல் புத்தகம் என்று அதற்கு ஒரு மாலை போட்டுவிடப் பார்த்தது மனசு. தடிப் புத்தகத்தை எடுத்தால், பார், எனக்கு நேரம் இருக்கிறது என்று விதிக்கு முன்னால் மார்தட்டுவது போல ஆகும். சின்னதை எடுத்தால் இன்னும் பயப்படுகிறேன் என்று ஒத்துக்கொள்வது போல ஆகும். சும்மா ஒரு புத்தகத்தை எடுத்துச் சும்மா வாசிக்கிற வித்தை எங்கே போயிற்று? அழுகை வந்தது. பெரிய அழுகை இல்லை, தும்மல் மாதிரி, இரண்டு தடவை குலுக்கிவிட்டுப் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

கோமதிநாயகம் வியர்வையோடு உள்ளே வந்தார். ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டு. இன்னொரு கையில் ஒரு காகிதப் பை. கீரையைக் கீழே வைத்துவிட்டு, பையை நீட்டலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம் புக்குக் கடையில தொங்குச்சு. உனக்குத்தான்."

அவள் பையைப் பிரித்தாள். மாத நாவல். சாணித்தாளில் அச்சடித்த, தைத்த நூல் வெளியே தெரிகிற குட்டிப் புத்தகம். அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையில் துப்பாக்கியோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒரு பங்களா, ஒரு பிணம், ஒரு நாய். தலைப்புக்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறிகள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தந்ததில்லை. அவளுக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது, செய்தித்தாளைத் தவிர வேறு எதையும் அவர் விரித்ததில்லை, அவள் வாசித்துக்கொண்டிருந்தால் விளக்கை அணைக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், அதுதான் அவர் இலக்கியத்துக்குச் செய்த தொண்டு.

"தடி தடியாவும் வச்சிருந்தான்" என்றார். "நம்ம வீட்டுல இருக்கதா இல்லாததான்னு தெரியல. இது எப்படியும் உன்ட்ட இருக்காதுன்னு தோணிச்சு."

"இருக்காதுதான்."

"நல்லால்லைன்னா தூரப் போடு."

"நாய் நல்லாருக்கு" என்றாள் அவள்.

அவர் முகம் விரிந்தது. முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரையை உருவத் தொடங்கினார். அவள் முதல் பக்கத்தைப் பிரித்தாள், வெறும் மரியாதைக்காக. கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு கார் போனது, மூடுபனி, ஓட்டுகிறவன் மீசையை முறுக்கிக்கொண்டான், இரண்டாவது பக்கத்திலேயே ஜமீன்தார் செத்துக் கிடந்தார். வாக்கியம் ஒவ்வொன்றும் படிக்கட்டில் உருளுகிற தேங்காய் மாதிரி இருந்தது. எழுதினவன் மூச்சுவிட்ட மாதிரித் தெரியவில்லை. ஒரு பக்கத்தில் நீலமாக இருந்த சேலை அடுத்த பக்கத்தில் சிவப்பாகிவிட்டது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவளும் பொருட்படுத்தவில்லை. இது நல்ல புத்தகம் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அது தெரிந்த மாத்திரத்தில் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. இதை வாசித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்த மத்தியானம் வீண்தான். வீணாகட்டும். வீணாக்குவதற்கு மத்தியானம் இருக்கிறது, நாளை மத்தியானமும் இருக்கிறது, இதைப் போல எத்தனையோ. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் சன்னலைத் திறந்தால் முதலில் தூசிதான் பறக்கும், அந்தத் தூசிகூட அழகாக இருக்கும். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன கதை?" என்றார் அவர், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரு ஜமீன்தாரைக் கொன்னுட்டானுவ."

"யாரு?"

"இன்னும் சொல்லல. டிரைவராத்தான் இருக்கும்."

"எப்படித் தெரியும்?"

"மீசையை முறுக்குதான்லா. எனக்குத் தெரியாதா, எத்தனை வாசிச்சிருக்கேன்."

அவர் இன்னொரு கொத்தை எடுத்து உருவினார். பிறகு, "சத்தமா வாசியேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார், காது நுனி சிவந்திருந்தது. அவள் சத்தமாக வாசித்தாள். முதலில் குரல் எழவில்லை, தன் குரல் தனக்கே கூச்சமாக இருந்தது, பிறகு ஜமீன்தாரின் இரண்டாவது மனைவி பேசத் தொடங்கியதும் தானாக ஒரு கீச்சுக் குரல் வந்தது, இன்ஸ்பெக்டருக்கு ஒரு கட்டைக் குரல் வந்தது. நாய் குரைத்த இடத்தில் குரைக்கவே செய்தாள். ஒரு பத்தி முடியும்போதெல்லாம் அவர் "பெறவு?" என்றார். அந்தப் பெறவுக்காகவே அவள் அடுத்த பத்திக்குப் போனாள். அவருக்கும் இத்தனை நாளும் பெறவு என்று ஒன்று இல்லாமல்தானே இருந்திருக்கும், நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அவருக்கு மீண்டும் வாசிக்க மேல்தட்டுகூடக் கிடையாது. அவள் ஒரு நொடி நிறுத்தினாள். "ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார். "தொண்டை" என்றாள். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வாசித்தாள். முறத்தில் கீரை குவிந்தது, காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். வெயில் அறைக்குள் வந்து அவள் பாதத்தைத் தொட்டு, மெதுவாக நகர்ந்து, அவர் முழங்காலுக்குப் போயிற்று. டிரைவர் தப்பித்து ஓடினான், பிடித்துவந்தார்கள், அவன் ஒன்றும் செய்யவில்லை என்று அழுதான். "நடிக்கான்" என்றாள் வடிவு. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில், அதுவரை கதையிலேயே இல்லாத ஒரு கணக்குப்பிள்ளையின் விதவைத் தங்கை, ரயிலில் வந்து இறங்கினாள், வந்து இறங்கினவள்தான் கொலைகாரி என்று போட்டிருந்தான்.

"ஏ, இது என்ன அநியாயம்!" என்றாள் வடிவு, புத்தகத்தை அறைந்து மூடி. "ஆளே இல்லாம ஒருத்தியைக் கொண்டுவந்து இறக்கிட்டானே! இவளை எவன் நினைச்சிருக்க முடியும்?"

"டிரைவர்னு சொன்னியே."

"சொன்னேன்."

"தப்பாப்போச்சே" என்றார் கோமதிநாயகம். அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைப்பதற்குள் அவளுக்கும் பீறிட்டுவிட்டது, விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அந்தக் கணக்குப்பிள்ளைத் தங்கையை நினைத்து நினைத்து, அவள் பாவம் யாரையும் கொல்லப் போதுமான நேரம்கூட இல்லாமல் அவசரமாக ரயிலில் வந்து இறங்கியதை நினைத்து, இரண்டு பேரும் முறத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து சிரித்தார்கள். தப்பு, முழுக்கத் தப்பு. தப்பாகப் போவதில் இவ்வளவு சுகம் உண்டா?

சிரிப்பு ஓய்ந்த பிறகு அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை அவள் மடியிலிருந்து எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பின்னட்டையைத் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாக வாசித்தார்.

"இவனே இன்னொண்ணும் எழுதுதான் போல. ஓடுற ரயில்லேருந்து கல்யாணப்பொண்ணு காணாமப் போகுதாம்."

"எப்பம் வருது?"

"அடுத்த மாசம்னு போட்டிருக்கு."

சண்முகவடிவு சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த மாசம். அந்த இரண்டு சொற்களையும் உதடு அசையாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே, "வாங்கிட்டு வந்துருங்க," என்றாள், "மறந்துராதீங்க."